வெளிச்சத்துக்குத் தவணை கிடையாது

பறவையைப் படமெடுக்க முக்கியமாக மூன்று வேண்டும். நல்ல கேமரா, நல்ல லென்ஸ், நல்ல மனைவி. மூன்றாமவர் சம்மதமில்லாமல் முதலிரண்டும் வீட்டுக்குள் நுழையாது. நான்காவதாக ஒன்று இருக்கிறது. வெளிச்சம். இதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. மாதத் தவணையிலும் தருவதில்லை.

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ‘சாயங்காலம் எடுக்கிற பறவைப் படமெல்லாம் ஒன்று தார் பூசின மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் ரவை தூவின மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டரில் சரிபண்ண முடியுமாமே, எவ்வளவு ஆகும்?’

அவர் கேட்டிருப்பது பணத்தை. என்னைக் கேட்டால், ‘எவ்வளவு சரிபண்ணலாம்’ என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குத்தான் இந்த வாரம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், வாய்ப்பாடு போதும். அந்தக் காலத்து ஃபிலிம் டப்பாவுக்குள் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். டப்பாவைத் திறந்ததும் நம்மில் பலர் முதலில் தூக்கிப் போட்டது அதைத்தான். நூறு வேக ஃபிலிமுக்கு, ஷட்டர் 1/125 விநாடி என்று வைத்துக்கொண்டால், நல்ல வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 16. மேகம் கனமாக மூடியிருந்தால் எஃப் 5.6. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று படி. ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். பாதியில் பாதியில் பாதி. அதாவது, மேகமூட்டத்தில் நமக்குக் கிடைப்பது வெயிலில் எட்டில் ஒரு பங்குதான். நம் கண்ணுக்கு இது உறைப்பதில்லை. ‘கொஞ்சம் மப்பா இருக்கு’ என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடுவோம். கண் அவ்வளவு சாமர்த்தியமான கருவி.

இப்போது ஒரு நாரை பறக்கிறது. அதன் சிறகு கலங்காமல் வரவேண்டுமென்றால் 1/125 போதாது. 1/2000 வேண்டும். பதினாறு மடங்கு வேகம். அந்தப் பதினாறு மடங்கை எங்கிருந்து பெறுவது? டெலிஃபோட்டோ லென்ஸ் பெரும்பாலும் 5.6-க்கு மேல் வாய் திறக்காது. அதைவிடப் பெரிதாகத் திறக்கும் லென்ஸை வாங்க நிலம் விற்க வேண்டும். ஆகவே ஐ.எஸ்.ஓ. என்கிற திருகைத் திருப்பி நூறை ஆயிரத்து அறுநூறு ஆக்குகிறோம். சூரியன் இறங்க இறங்க மூவாயிரத்து இருநூறு, ஆறாயிரத்து நானூறு என்று போகும். அங்கேதான் ரவை ஆரம்பம்.

ரவை ஏன் வருகிறது என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு கேமராவைத் திட்டுகிறார்கள். கேமரா பாவம். வாசலில் நூறு குடத்தை வரிசையாக வையுங்கள். அடைமழை கொட்டினால் எல்லாக் குடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் இருக்கும். வெறும் தூறல் என்றால் ஒன்றில் எட்டுச் சொட்டு, பக்கத்தில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் ஐந்து. ஒளியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. விஞ்ஞானிகள் ஃபோட்டான் என்பார்கள். ஒரு குடத்தில் சராசரியாகப் பத்தாயிரம் சொட்டு விழுந்தால் ஏற்ற இறக்கம் நூறு, அதாவது ஒரு சதவிகிதம். வெறும் நூறு சொட்டு என்றால் ஏற்ற இறக்கம் பத்து, அதாவது பத்து சதவிகிதம். ஒரே மாதிரி இருக்கவேண்டிய கொக்கின் முதுகில் ஒரு புள்ளி வெளுத்தும் பக்கத்துப் புள்ளி கறுத்தும் போவது இதனால்தான். இது கேமராவின் கோளாறு அல்ல, மழையின் குணம்.

குடத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நிரம்பி வழிந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு பெய்தது என்று அந்தக் குடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளைக் கொக்கைக் கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் காட்டி எடுத்தால் சிறகெல்லாம் சலவைக்கு வெளுத்த வேட்டியாகிவிடும். அதில் எந்த இறகும் இருக்காது. எந்தக் கம்ப்யூட்டராலும் வரவழைக்க முடியாது. இருட்டில் ஒளிந்திருப்பதை ஓரளவு வெளியே இழுக்கலாம். வழிந்து போனதை அள்ள முடியாது. பறவைப் படத்தில் முதல் விதி இது: வெள்ளையைக் காப்பாற்று.

இந்த விஷயத்தில் கேமராவை நம்பக்கூடாது. அதற்குள் இருக்கும் மீட்டர் ஒரு சராசரி ஆசாமி. உலகத்தில் எதைக் காட்டினாலும் ‘இது சாம்பல் நிறம்’ என்று எழுதி ஃபைலை மூடிவிடும். கறுப்பு நீர்க்காகத்தைப் படம் முழுக்க நிரப்பிக் காட்டினால், ‘அடடா, வெளிச்சம் போதவில்லை’ என்று அதைச் சாம்பலாக்கும். இருட்டு மரத்தின் முன்னே குட்டியாக ஒரு கொக்கு நின்றால், மரத்தைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தை ஏற்றும். கொக்கு வேட்டியாகும். வெளிறிய வானத்தில் கூழைக்கடா பறந்தால், வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும். கூழைக்கடா கரியாகும்.

இதற்காகத்தான் கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். இருட்டுப் பின்னணியில் வெள்ளைப் பறவை: ஒரு படி கழியுங்கள். வானத்தின் பின்னணியில் எந்தப் பறவையும்: ஒன்று, ஒன்றரை, தேவையானால் இரண்டு படி கூட்டுங்கள். வெள்ளைப் பறவையே படம் முழுக்க நிறைந்திருந்தால் கொஞ்சம் கூட்டவேண்டும். கறுப்புப் பறவை நிறைந்திருந்தால் கழிக்கவேண்டும். லட்ச ரூபாய் கேமரா வைத்திருந்தும் இந்தப் பொத்தானைத் தொடாத ஆசாமிகள் எனக்குத் தெரிந்து ஏழெட்டு பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி, தோல்வியை அழகாக ஒப்புக்கொள்வது. சூரியன் பறவைக்குப் பின்னால் இருக்கிறதா? போராட வேண்டாம். நிழலுருவமாகவே எடுத்துவிடுங்கள். கரண்டிவாயனுக்கு அலகு போதும், அரிவாள் மூக்கனுக்கும் அதேதான். பாம்புத்தாராவுக்குக் கழுத்து. கூழைக்கடாவுக்குப் பை. நிறமே இல்லாமல் அடையாளம் சொல்லிவிடலாம்.

*

பொங்கல் சமயத்தில் வேடந்தாங்கல் போயிருந்தேன். அக்கா பையன் இழுத்துக்கொண்டு போனான். 2015-லிருந்து வருடா வருடம் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு ஒன்று நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். பையன் பட்டியலும் போடுவான், படமும் எடுப்பான். நான் ஃப்ளாஸ்கைத் தூக்குவேன்.

வேடந்தாங்கலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர், மதுராந்தகம் பக்கம். முப்பது ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள்ளேயே மரங்கள், மரம் முழுக்கக் கூடுகள். வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள் என்றும், 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு போட்டார் என்றும் சரித்திரம். ஊர்க்காரர்களுக்குப் பறவைமேல் பாசம் உண்டு, கணக்கும் உண்டு. எச்சம் விழுந்து ஏரித் தண்ணீர் உரத் தண்ணீராகிறது. அது வயலுக்குப் போகிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக அந்தஸ்தும் வந்தாயிற்று.

மாலை ஐந்தரை. வெளியே இரை தேடப் போயிருந்த கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அதே நேரத்தில் வக்கா டூட்டிக்குக் கிளம்புகிறது. நைட் ஷிஃப்ட். பார்க்கக் கண் கொள்ளாது. படமெடுக்க வெளிச்சம் கொள்ளாது. நல்ல காட்சியும் நல்ல வெளிச்சமும் ஒரே நேரத்தில் வராது என்பது இயற்கையின் ஏற்பாடு.

கரையில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆசாமி. தொப்பியிலிருந்து பேன்ட் வரை இலை படம் போட்ட உடுப்பு. பறவைகளின் கண்ணுக்குத் தெரியக்கூடாதாம். முக்காலியில் பீரங்கி மாதிரி லென்ஸ். அரை மணி நேரம் பார்த்தார். கூட்டில் உட்கார்ந்திருந்த நத்தைகுத்தி நாரைகள் நகரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. சட்டென்று எழுந்து பலமாகக் கை தட்ட ஆரம்பித்தார். இரண்டு நாரைகள் பதறி எழும்பின. ‘கிர்ர்’ரென்று இருபது முப்பது படம் ஓடியது.

பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் கூடையைக் கீழே வைத்தார்.

“தம்பி, ஆபீஸ் முடிஞ்சு வூட்டுக்குப் போயி, சட்டையைக் கழட்டிட்டு, புள்ளையப் பக்கத்துல வெச்சிக்கினு உட்கார்றீங்க. அப்ப எவனாவது கதவ இடிச்சு, ‘ஓடு ஓடு, நீ ஓடுறத போட்டோ புடிக்கணும்’னா எப்படி இருக்கும்?”

அவர் பதில் சொல்லவில்லை. லென்ஸுக்கு மூடி போட்டார். பெரியவரும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பத்து ரூபாய்க்குக் கடலை கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

பெரியவர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. குஞ்சு பொரித்த நாரை கூட்டில் நிற்பது சும்மா இல்லை. வெயிலில் சிறகை விரித்து நிழல் தருகிறது. அது பதறிப் பறந்தால் குஞ்சு காயும். முட்டையாக இருந்தால் காக்கை காத்திருக்கிறது. 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி, வலை, பொறி எல்லாம் அதில் உண்டு. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதிலேயே அடக்கம். 1798-ல் துப்பாக்கி வந்தது. இப்போது லென்ஸ் வருகிறது. ஊர்க்காரர்களின் வேலை மட்டும் மாறவில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. குழந்தைகள் உட்பட. வருடத்தில் ஒரு நாள் சந்தோஷத்தை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியுமென்றால், ஒரு நல்ல படத்தை நாம் விட்டுக்கொடுக்கலாம்.

*

இப்போது வாசகர் கேட்ட கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

கேமராவில் இரண்டு விதமாகப் படத்தைச் சேமிக்கலாம். ‘ரா’ என்பது மாவு. ‘ஜேபெக்’ என்பது இட்லி. மாவு கையில் இருந்தால் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் எது வேண்டுமானாலும் செய்யலாம். இட்லியாக வந்தபின் அதிகபட்சம் உப்புமா. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் கறுப்பிலிருந்து வெளுப்பு வரை 256 படிகள்தான். நல்ல கேமராவின் ரா ஃபைலில் 16,384 படிகள். மங்கலான வெளிச்சத்தில் எடுத்ததைத் தூக்கி நிறுத்தும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆகவே சாயங்காலப் பறவைக்கு எப்போதும் மாவு.

செய்யக்கூடியவை இவை. இருண்ட பகுதியைக் கொஞ்சம் தூக்கலாம். வானத்தைக் கொஞ்சம் இறக்கலாம். மழைக்கால மேகத்தில் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும், அதைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கலாம். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கிளையை வெட்டி, பறவையை நடுவிலிருந்து சற்று ஒதுக்கி வைக்கலாம். ரவையைச் சலிக்கலாம். எல்லாவற்றுக்கும் ‘கொஞ்சம்’ என்று போட்டிருப்பதைக் கவனிக்கவும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பவுடர் போடுவது மாதிரி. அளவு தப்பினால் உறவுக்காரர்களே அடையாளம் தெரியாமல் திகைப்பார்கள்.

செய்ய முடியாதவையும் உண்டு. வழிந்த வெள்ளை. ஃபோகஸ் தப்பிய கண். நடுப்பகலில் ஏரித் தண்ணீருக்கு மேலே கானல் ஆடும்போது தூரத்தில் எடுத்த பறவை. இவற்றுக்கு மருந்தில்லை. அடுத்த நாள் அதிகாலையில் மறுபடி போகவேண்டியதுதான்.

‘திருத்துவதே தப்பு, அந்தக் காலத்தில் எல்லாம் அப்படியே எடுத்தார்கள்’ என்று ஒரு கோஷ்டி சொல்லும். அதுவும் சரியல்ல. நம் சென்னையிலேயே மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதியவர். காட்டு மிருகங்களையும் பறவைகளையும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று சேர்த்துக் கட்டிய அவருடைய கருவிக்கு அவரே வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. கறுப்பு-வெள்ளைக்காரர்கள் எல்லோருமே இருட்டறையில் பிரின்ட் போடும்போது ஓர் இடத்தைக் கையால் மறைத்து வெளுக்க வைப்பார்கள், இன்னோர் இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் கறுக்க வைப்பார்கள். திருத்தம் அப்போதும் இருந்தது. ஆனால் நெகடிவில் இல்லாத கொம்பு பிரின்டில் முளைத்ததில்லை.

இப்போது முளைக்கிறது.

அன்று சாயங்காலம் ஆறே கால் மணிக்கு அக்கா பையன் ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்திருந்தான். தூரத்து மரம், கிட்டத்தட்ட இருட்டு. வீட்டுக்கு வந்து செயற்கை அறிவு புகுந்த ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டான். ஒரு நிமிடம் சக்கரம் சுற்றியது. அப்புறம் பார்த்தால், ரவை மாயம். ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, அலகு தீட்டின மாதிரி.

“எப்படி மாமா?”

“பிரமாதம்டா. காலண்டருக்கே கொடுக்கலாம்.”

“காலண்டர் இருக்கட்டும். இது பெரிய கொக்கு. பட்டியல்ல போட்டுட்டேன்.”

இங்கே ஒரு சின்ன விளக்கம். வெள்ளைக் கொக்குகளில் பெரியது, நடுத்தரம் என்று இரண்டு உண்டு. தூரத்தில் தனியாக நின்றால் நிபுணர்களே குழம்புவார்கள். பார்க்கவேண்டியது வாயின் கோடு. அலகு பிளக்கும் இடத்திலிருந்து கன்னத்தில் ஓடும் அந்தக் கோடு, பெரிய கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். பையனின் படத்தில் கோடு கண்ணைத் தாண்டி அழகாகப் போயிருந்தது.

இந்தப் பட்டியல்களைச் சரிபார்க்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: ‘திருத்தாத படத்தைக் காட்ட முடியுமா?’

இருவரும் உட்கார்ந்து அசல் ஃபைலைத் திறந்து பெரிதாக்கினோம். கொக்கின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு ரவை. கோடும் இல்லை, கன்னமும் இல்லை.

“ஏண்டா, அப்ப அந்தக் கோடு எங்கேர்ந்து வந்தது?”

“சாஃப்ட்வேர் போட்டிருக்கு மாமா.”

“அதுக்கு எப்படித் தெரியும்?”

“லட்சக்கணக்கான போட்டோவைப் பார்த்துக் கத்துக்கிட்டது. இந்த மாதிரி இடத்துல இந்த மாதிரி கோடு வரும்னு...”

“அதாவது, வேற ஏதோ கொக்கோட கோட்டை எடுத்து இந்தக் கொக்குக்கு ஒட்டியிருக்கு.”

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘ஒரு கொக்குதானே, இதற்கா இத்தனை கவலை?’ என்று கேட்கலாம். இந்த மாதிரிச் சில்லறைப் பட்டியல்கள் சேர்ந்துதான் கோடிக்கணக்காகின்றன. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை எடைபோட்டது. அதில் 178 இனங்களை உடனடியாகக் கவனிக்கவேண்டும் என்றது. அதற்கு ஆதாரம் சம்பளமில்லாமல் ஏரிக்கரையில் நின்ற முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள். எந்த ஏரியைக் காப்பாற்றுவது, எந்தப் பறவை குறைகிறது என்று முடிவெடுக்கப் போகிறவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள். அதில் கம்ப்யூட்டர் ஊகித்த கொக்கும் கலந்தால், நாளைக்கு ஊகத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்போம்.

ஆகவே மயிலாடுதுறை வாசகருக்கு என் பதில்: குடத்தில் விழுந்த தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் வடிகட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றிவிட்டு ‘என் வாசலில் பெய்த மழை’ என்று சொல்லாதீர்கள். திருத்திய படத்தைச் சுவரில் மாட்டுங்கள், சந்தோஷம்தான். அசலை அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். கேட்டால் காட்டுங்கள். வெளிச்சம் போதவில்லையென்றால் மறுநாள் போங்கள். அதுவும் முடியாவிட்டால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ. தேவையில்லை.

அக்கா பையன் அன்றிரவே பட்டியலைத் திருத்தினான். ‘பெரிய கொக்கு’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை’ என்று போட்டான். முகம்தான் கொஞ்சம் வாடியிருந்தது.

கொக்குக்கு ஒன்றும் வருத்தம் இருக்காது. தன் பெயர் என்னவென்று தெரியாமலேதான் அது இத்தனை நாளாகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறது.